செஸ்டருக்குப் பின் ஒரு குரல் – கடிதம்

வணக்கம் சார்,

கொளத்தூரில் இருக்கிறேன். வயது நாற்பதை நெருங்குகிறது. 2004இல் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு பொறியியல் கல்லூரியில் சேர்ந்தேன். காலேஜ் பஸ்ஸில் போக ஒன்றரை மணி நேரம், வர ஒன்றரை மணி நேரம். அந்த நேரம் முழுக்க பர்மா பஜாரில் வாங்கிய எம்பி3 சிடியில் லிங்கின் பார்க் என்ற அமெரிக்க ராக் குழுதான் ஓடும். அரியர் மேல் அரியர் விழுந்துகொண்டிருந்த காலம். வீட்டில் சொல்ல முடியாது, நண்பர்களிடமும் சொல்ல முடியாது. எனக்குப் பதிலாக ஒருவர் கத்துகிறார் என்றுதான் அந்தக் குழுவின் பாடகர் செஸ்டர் பென்னிங்டனின் குரலைக் கேட்டேன். 2017 ஜூலையில் அவர் இறந்த செய்தி வந்தபோது ஆபீஸில் உட்காரவே முடியவில்லை, பாதியில் கிளம்பிவிட்டேன்.

இப்போது அதே லிங்கின் பார்க் பெயரில், எமிலி ஆம்ஸ்ட்ராங் என்ற பெண் பாட, 'ஃப்ரம் ஜீரோ' என்று ஆல்பம் போட்டிருக்கிறார்கள். நாலு பாட்டுக்கு மேல் என்னால் போக முடியவில்லை. பாட்டு மோசம் என்று சொல்லவில்லை. கேட்கும்போது செஸ்டருக்கு ஏதோ துரோகம் செய்வதுபோல இருக்கிறது. இதை வேறு பெயரில் செய்திருக்கலாமே? ஜாய் டிவிஷன் என்ற இங்கிலாந்துக் குழுவின் பாடகர் இறந்தபின் மற்றவர்கள் நியூ ஆர்டர் என்று பெயரை மாற்றிக்கொள்ளவில்லையா? என் அப்பாவிடம் சொன்னால், "எம்.ஜி.ஆருக்கே குரல் மாறிச்சு, ஜனங்க கேட்டாங்க. உனக்கென்ன?" என்கிறார். நீங்கள் இந்த ஆல்பத்தைக் கேட்டீர்களா? உங்களுக்கு என்ன தோன்றியது?

ஆர்., கொளத்தூர்

---

அன்புள்ள ஆர்.,

உங்கள் அப்பாவிடமிருந்தே தொடங்குகிறேன். அவர் சொல்வது உண்மைதான். எம்.ஜி.ஆருக்கு சீர்காழி பாடியிருக்கிறார், டி.எம்.எஸ். வருஷக்கணக்கில் பாடினார், 1969இல் எஸ்.பி.பி. வந்தார். தமிழ்நாடு எல்லாவற்றையும் கேட்டது. ஆனால் அங்கே எழுதியவர் ஒருவர், மெட்டுப் போட்டவர் ஒருவர், பாடியவர் ஒருவர், திரையில் நின்றவர் ஒருவர். குரல் மாறினாலும் முகம் அப்படியே இருந்தது. உங்கள் இடத்தில் அப்படியில்லை. செஸ்டர் பாடியது பெரும்பாலும் அவர் உடம்பில் நடந்ததை. 'கிராலிங்' பாட்டைப் பற்றி அவரே சொல்லியிருக்கிறார்: போதைக்கும் குடிக்கும் முன்னால் தனக்குத் தன்மேல் பிடி இல்லாமல் போனதைத்தான் அதில் எழுதினேன் என்று. அப்படி ஒரு பாட்டில் குரலும் முகமும் வாழ்க்கையும் ஒன்றாகவே இருக்கின்றன. அதனால் உங்களுக்கு வலிக்கிறது என்றால் அதில் தப்பே இல்லை. அப்பாவின் பதில் உங்களுக்குப் பொருந்தாது.

சரி, ஆல்பத்துக்கு வருகிறேன். கேட்டேன், பல தடவை கேட்டேன். எனக்குப் பிடித்திருக்கிறது. ஏன் பிடித்திருக்கிறது என்று சொன்னால் பெயர் விஷயத்துக்கும் பதில் அதிலேயே வந்துவிடும்.

உங்கள் கல்லூரிக் காலத்தை நினைத்துப் பாருங்கள். அந்த நாட்களில் சென்னையில் எந்த கல்ச்சுரல்ஸுக்குப் போனாலும் ஒரு குழுவாவது லிங்கின் பார்க் வாசிக்கும். ஐ.ஐ.டி.யின் சாரங் விழாவில் ஆரம்பித்து புறநகர்க் கல்லூரிகளின் தகரப் பந்தல் மேடை வரை நான் பார்த்திருக்கிறேன். மற்ற குழுக்களின் பாட்டு என்றால் மைக்கைப் பிடிக்க ஒருவன் போதும். லிங்கின் பார்க் என்றால் இரண்டு பேர் வேண்டும். ஒருவன் ராப் செய்வான், பேச்சுபோல, நிதானமாக, கணக்காக. இன்னொருவன் கோரஸில் வந்து தொண்டையைக் கிழித்துக்கொள்வான். ராப் செய்ய ஆள் சுலபமாகக் கிடைத்துவிடுவான். கத்த ஆள் கிடைப்பது கஷ்டம். கிடைத்தவனும் மூன்றாவது பாட்டில் தொண்டை கட்டி நின்றுவிடுவான். அப்போது ராப் செய்பவன் ஒருவனே இரண்டையும் செய்து பார்ப்பான். பாட்டு அங்கேயே விழுந்துவிடும். சுருதி விலகுவதால் விழவில்லை. பதில் சொல்ல ஆள் இல்லாததால் விழுந்தது.

லிங்கின் பார்க் பாட்டு அப்படிக் கட்டப்பட்டது. ராப் செய்யும் மைக் ஷினோடா நடந்ததை விவரிப்பார், செஸ்டர் அது எப்படி வலித்தது என்று சொல்வார். 'இன் தி எண்ட்' முழுக்க இதுதான். மைக்கின் பகுதியில் ஒருவன் தன் தோல்விக்குக் கணக்கு எழுதிக்கொண்டிருக்கிறான். செஸ்டர் வந்ததும் அந்தக் கணக்குக்கே அர்த்தமில்லாமல் போகிறது. அரியர் எழுதிக்கொண்டிருந்த உங்களுக்கு அது ஏன் பிடித்தது என்று நான் விளக்க வேண்டியதில்லை. எண்ணிக்கொண்டே இருக்கும் மூளையும், எண்ண முடியாமல் வெடிக்கும் மனசும் அந்தப் பாட்டில் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன.

செஸ்டர் போனபின் அந்த இரண்டாவது இடம் ஏழு வருஷம் காலியாகவே கிடந்தது. 2018இல் மைக் தன் பெயரில் தனியாக ஒரு ஆல்பம் போட்டார். துக்கத்தைத்தான் பாடினார். நேர்மையான வேலை அது. ஆனால் ஒரே குரல். அதற்கு லிங்கின் பார்க் என்று பெயர் வைக்காதது சரியான முடிவு. பெயரை வைக்க வேண்டுமானால் பதில் சொல்ல ஒருவர் வேண்டும். 2024 செப்டம்பரில் எமிலி ஆம்ஸ்ட்ராங்கை அறிவித்தார்கள், நவம்பர் 15 அன்று ஆல்பம் வந்தது.

இப்போது 'தி எம்ப்டினெஸ் மெஷின்' பாட்டைக் கேளுங்கள். நீங்கள் கேட்ட நாலில் அதுவும் இருந்திருக்கும். தொடங்குவது மைக். முதல் சரணத்தைப் பாடுகிறார், கோரஸையும் அவரே பாடுகிறார். ராப் இல்லை, பாடுகிறார். எமிலியின் குரல் இரண்டாவது சரணத்தில்தான் வருகிறது. புதிதாக ஒரு பாடகரை அறிமுகம் செய்கிறவர்கள் முதல் நொடியிலேயே அவரை முன்னால் தள்ளிவிடுவார்கள். இவர்கள் அவ்வளவு நேரம் நம்மைக் காத்திருக்க வைக்கிறார்கள். அந்த முதல் கோரஸில் மைக் தனியாகப் பாடும்போது, பாட்டில் ஏதோ ஒன்று இல்லாதது தெரிகிறது. ஒரு ரசிகனாக நமக்குப் பழக்கமான குறை அது. அப்புறம் எமிலி வந்து அதே கோரஸைப் பாடும்போது அது திறந்துகொள்கிறது. இடம் காலியாக இருந்ததை மறைக்காமல் காட்டிவிட்டுத்தான் அவரை உள்ளே கூப்பிடுகிறார்கள். எனக்கு இது மரியாதையாகத் தெரிந்தது. துரோகமாகத் தெரியவில்லை.

எமிலியும் செஸ்டரைப்போலப் பாட முயலவில்லை. செஸ்டரின் குரலில் அலறும்போதுகூட ஒரு கண்ணாடித்தன்மை இருக்கும், உச்சத்தில் மெல்லிதாகி உடையும். எமிலியின் குரல் கரகரப்பானது, கீழே கனமானது, உடையாமல் நிற்கும். 'ஹெவி இஸ் தி கிரவுன்' பாட்டில் அவர் ஒரு நீண்ட அலறல் கொடுக்கிறார். 2007இல் செஸ்டர் 'கிவன் அப்' பாட்டில் 17 நொடி மூச்சுவிடாமல் கத்தியது உங்களுக்கு நினைவிருக்கும். இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டுப் பாருங்கள். செஸ்டர் தப்பித்து ஓடுகிறவர்போல ஒலிக்கிறார். எமிலி எதிர்த்து நிற்கிறவர்போல ஒலிக்கிறார். இரண்டு வேறு மனிதர்கள், இரண்டு வேறு கோபங்கள்.

இதற்கு எனக்கு நினைவுக்கு வரும் முன்னுதாரணம் அலிஸ் இன் செயின்ஸ் என்ற அமெரிக்க ராக் குழு. அதன் பாடகர் லெய்ன் ஸ்டேலி 2002 ஏப்ரலில் இறந்தார். புதிய பாடகர் வில்லியம் டுவாலுடன் 'பிளாக் கிவ்ஸ் வே டு ப்ளூ' ஆல்பம் 2009இல் வந்தது. அங்கேயும் ஏழு வருஷம். அதுவும் இரண்டு குரல் குழுதான். ஸ்டேலியும் கிட்டார் வாசிக்கும் ஜெர்ரி கான்ட்ரெலும் சேர்ந்து பாடும்போது இரண்டு குரலும் ஒன்றையொன்று உரசிக்கொண்டு போகும். அந்த உரசல்தான் அவர்களின் அடையாளம். டுவால் வந்தபின் கான்ட்ரெல் முன்னால் நின்று பாடினார், டுவால் அந்த இரண்டாவது இழையைக் கொடுத்தார். கடைசிப் பாட்டு ஸ்டேலிக்காகவே எழுதியது. அதில் பியானோ வாசித்தவர் எல்டன் ஜான். அன்றைக்கும் உங்களைப் போலவே பலர் பெயரை மாற்றுங்கள் என்றார்கள். அந்த ஆல்பத்தை இன்றைக்குக் கேட்டால், பெயர் மாறியிருந்தால் அந்தத் துக்கத்தை அவர்கள் எந்தக் குழுவின் துக்கமாகப் பாடியிருப்பார்கள் என்றுதான் தோன்றுகிறது.

ஜாய் டிவிஷன் கதை வேறு. 1980 மே மாதம் அதன் பாடகர் இயன் கர்ட்டிஸ் இறந்தார். யாராவது ஒருவர் இல்லாமல் போனால் அந்தப் பெயரைத் தொடர்வதில்லை என்று அவர்களுக்குள் முன்பே பேச்சு இருந்தது. வாக்கைக் காப்பாற்றினார்கள். அப்புறம் அவர்களின் இசையும் வேறு திசைக்குப் போய்விட்டது, நடன அரங்கின் பக்கம். பெயர் மாறியது அந்த இசைக்கும் பொருந்தியது. அதே வருஷம் பிப்ரவரியில் ஏசி/டிசி குழுவின் பாடகர் பான் ஸ்காட் இறந்தார். ஐந்து மாதத்தில் பிரையன் ஜான்சன் பாட 'பேக் இன் பிளாக்' ஆல்பம் வந்துவிட்டது. கறுப்பு அட்டை, முதல் பாட்டின் தொடக்கத்தில் மணியோசை. பெயர் மாறவில்லை, இசையும் மாறவில்லை. இரண்டில் எதையும் நான் தப்பு என்று சொல்லமாட்டேன். இசை தொடர்கிறதா என்று பார்த்துத்தான் பெயரைத் தீர்மானிக்க வேண்டும்.

இன்னொரு விஷயம். செஸ்டரே இடையில் வந்து சேர்ந்தவர்தான். தொடக்கத்தில் அந்தக் குழுவின் பெயர் ஜீரோ, எக்ஸ் என்ற ஆங்கில எழுத்தில் தொடங்கும் ஜீரோ. பாடகர் மார்க் வேக்ஃபீல்ட். அவர் விலகியபின் 1999இல் அரிசோனாவில் இருந்த செஸ்டருக்குப் பாட்டு இல்லாத இசைப்பதிவை அனுப்பினார்கள். தன் பிறந்தநாள் கொண்டாட்டத்தை விட்டுவிட்டு ஸ்டூடியோவுக்குப் போய் அதன்மேல் பாடி அனுப்பினார். அதற்குப் பிறகுதான் முதல் ஆல்பம் 'ஹைபிரிட் தியரி', 2000 அக்டோபரில். புதிய ஆல்பத்தின் தலைப்பு அந்த முதல் பெயரையும் சுட்டுகிறது. குழுவில் அந்த இடத்தில் பாடப் புதிதாக ஒருவர் வருவது இது இரண்டாவது தடவை என்பதை அவர்கள் மறைக்கவில்லை. டிரம்ஸ் வாசித்த ராப் போர்டனும் இப்போது குழுவில் இல்லை, கோலின் பிரிட்டன் வந்திருக்கிறார். அதைப் பற்றி யாரும் எனக்குக் கடிதம் எழுதவில்லை. பாடகரைத்தான் நாம் குழு என்று நினைக்கிறோம். இந்தக் குழுவைப் பொறுத்தவரை அது பாதிதான் சரி.

ஆல்பத்தில் குறை இல்லையா என்றால் இருக்கிறது. பயந்து பயந்து செய்திருக்கிறார்கள். பதினொரு பாட்டு, அதில் முதலாவது அரை நிமிடம்கூட ஓடாத ஒரு முன்னோட்டம். மொத்தமே அரை மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல். நேரம் குறைவு என்பதை நான் குறையாகச் சொல்லமாட்டேன், 'ஹைபிரிட் தியரி'யும் 40 நிமிடத்தைத் தொடாது. என் குறை 'டூ ஃபேஸ்ட்' போன்ற பாட்டுகளில். குழுவின் டிஜே ஜோ ஹான் இசைத்தட்டைத் தேய்க்கும் ஓசை, நின்று பாயும் கிட்டார், எல்லாம் 2000ஐ அப்படியே எடுத்து வைத்ததுபோல இருக்கின்றன. பழைய ரசிகர்கள் கோபித்துக்கொள்ளக் கூடாதே என்ற கவலை அதில் கேட்கிறது. அங்கேதான் நீங்களும் நானும் செஸ்டரைத் தேடுகிறோம். சட்டகம் அவருடையது, உள்ளே அவர் இல்லை. 'ஸ்டெயின்ட்' எனக்கு நினைவிலேயே தங்கவில்லை.

எதிர்ப்பக்கம் 'கேஷுவல்டி' இருக்கிறது. இது பங்க் வேகத்தில் ஓடும் பாட்டு. எமிலி கத்துகிறார், மைக்கும் ராப்பை விட்டுவிட்டுக் கத்துகிறார். பழைய பங்கீடு அங்கே உடைகிறது. விவரிப்பவர், வெடிப்பவர் என்ற பிரிவே இல்லாமல் இருவரும் வெடிக்கிறார்கள். செஸ்டர் இருந்த நாட்களில்கூட மைக் இவ்வளவு இறங்கியதாக எனக்கு நினைவில்லை. இந்தக் குழு அடுத்து எங்கே போகலாம் என்பதற்கான வழி இந்தப் பாட்டில்தான் இருக்கிறது. கடைசிப் பாட்டு 'குட் திங்ஸ் கோ' இன்னொரு வகையில் நல்லது. நல்லது இருக்க வேண்டிய இடத்தில் சில நேரம் கெட்டது வந்து உட்கார்ந்துகொள்கிறது என்று தன்னைப் பற்றியே ஒருவர் ஒத்துக்கொள்ளும் பாட்டு. உங்கள் காலேஜ் பஸ்ஸில் அது ஓடியிருந்தால் உங்களுக்குப் பிடித்திருக்கும்.

மேடையில் எமிலி பழைய பாட்டுகளைப் பாடுவது பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் உங்கள் கடிதத்தின் அடியில் அதுவும் இருக்கிறது என்று நினைக்கிறேன். அதை ஆல்பத்தோடு சேர்க்காதீர்கள். 'கிராலிங்'கை இன்னொருவர் பாடிக் கேட்க உங்களுக்கு முடியாமல் போகலாம், கடைசி வரை முடியாமலே போகலாம். அது உங்கள் உரிமை. எனக்கும் அந்த ஒரு பாட்டைச் செஸ்டரின் குரலில் மட்டும் கேட்டால் போதும். ஆனால் 'ஃப்ரம் ஜீரோ'வில் இருப்பவை புதிய பாட்டுகள். அதில் அவர் யாருடைய வரியையும் எடுத்துக்கொள்ளவில்லை.

ஒரு வழி சொல்கிறேன், முயன்று பாருங்கள். லிங்கின் பார்க்கைக் கொஞ்ச நாள் ஒதுக்கி வையுங்கள். எமிலி இதற்கு முன் லாஸ் ஏஞ்சல்ஸில் டெட் சாரா என்ற குழுவில் பாடினார். 2012இல் குழுவின் பெயரிலேயே வந்த அவர்களின் முதல் ஆல்பத்தில் 'வெதர்மேன்' என்று ஒரு பாட்டு இருக்கிறது. போன் ஸ்பீக்கரில் வேண்டாம், நல்ல ஹெட்போனில் கேளுங்கள். அங்கே அவர் யாருடைய இடத்திலும் நிற்கவில்லை, அது அவருடைய சொந்த மேடை. அந்தக் குரல் உங்களுக்குப் பழகியபின் 'ஓவர் ஈச் அதர்' கேளுங்கள். அதில் மைக் பாடவில்லை, எமிலி மட்டும்தான். அப்புறம் 'கேஷுவல்டி'. 'தி எம்ப்டினெஸ் மெஷின்' கடைசியில் போதும். 'டூ ஃபேஸ்ட்' இப்போதைக்கு வேண்டாம். இந்த வரிசையில் கேட்டும் பிடிக்கவில்லை என்றால் விட்டுவிடுங்கள், ஆனால் எந்த இடத்தில் நிறுத்தினீர்கள் என்று மட்டும் எழுதுங்கள்.

அன்புடன்