பட்டாணி பூத்தும் காய்க்கவில்லையா? விதைக்கும் நாளைப் பின்னோக்கி எண்ணுங்கள்

கேள்வி: வீட்டுத் தோட்டத்தில் முதல் முறையாகப் பட்டாணி விதைத்தேன். பாதி விதை முளைக்கவே இல்லை. முளைத்தவை தழைதழையென்று வளர்ந்தன. பூவும் வந்தது, ஆனால் பெரும்பாலும் உதிர்ந்துவிட்டது. கொஞ்சம் காய் பிடித்த நேரத்தில் இலைகளில் வெள்ளைப் பூச்சு படர்ந்து செடிகள் காய்ந்துவிட்டன. தொழு உரம் நிறையப் போட்டேன், தினமும் தண்ணீர் ஊற்றினேன். அடுத்த முறை எதை மாற்ற வேண்டும்?

பதில்: முதலில் மாற்ற வேண்டியது விதைக்கும் நாளை. பூ உதிர்ந்ததும், கடைசியில் வெள்ளைப் பூச்சு வந்ததும், பயிர் தாமதமாகி வெயில் காலத்துக்குள் போய்விட்டதன் அடையாளங்கள்.

பட்டாணி குளிர்ந்த பருவத்துப் பயிர். 13 முதல் 18 டிகிரி செல்சியஸ் வரை உள்ள வெப்பநிலையில்தான் அது மிக நன்றாக வளரும். இலையும் கொடியுமாக இருக்கும்போது நாலைந்து நாள் வெயில் அடித்தால் சமாளித்துக்கொள்ளும். பூக்கும் நேரத்தில் பகல் வெப்பம் 27 டிகிரிக்கு மேல் தொடர்ந்து போனால்தான் சிக்கல். பூ உதிரும், பிடித்த காயிலும் மணிகள் குறையும். குளிரின் பக்கமும் ஓர் எல்லை உண்டு. இளஞ்செடி லேசான உறைபனியைத் தாங்கிவிடும். பூவும் பிஞ்சும் தாங்காது.

அதனால் உங்கள் ஊரில் வெயில் ஏறத் தொடங்கும் வாரத்தை முதலில் குறித்துக்கொண்டு, அங்கிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். குட்டை ரகங்கள் விதைத்த 60 முதல் 70 நாளில் முதல் பறிப்புக்கு வரும், அப்புறம் இரண்டு மூன்று வாரம் காய்க்கும். ஆக, ஏறக்குறைய 90 நாள் குளிர்ச்சி வேண்டும். உயரமாக ஏறும் ரகங்களுக்கு இன்னும் இரண்டு மூன்று வாரம் சேர்த்துக்கொள்ளுங்கள். கடுங்குளிர் உள்ள இடமென்றால், பனி விலகி மண் கையில் உதிரும் நிலைக்கு வந்ததுமே விதைத்துவிடலாம். குளிர்காலம் மிதமாக இருக்கும் இடங்களில் வெயில் தணிந்தவுடன் விதைத்தால் முழுக் குளிர் பருவமும் பயிருக்குக் கிடைக்கும். ஆண்டு முழுவதும் பகல் வெப்பம் 30 டிகிரிக்குக் கீழே இறங்காத இடமா? அங்கே பட்டாணியைக் காய்க்காகப் பயிரிடச் சொல்ல எனக்கு மனமில்லை. நெருக்கமாக விதைத்து, ஒரு சாண் உயரத்தில் இளந்தளிரைக் கிள்ளிக் கீரையாகப் பயன்படுத்தலாம். அது நிச்சயம் கைகொடுக்கும்.

இனி முளைக்காத விதைகள். பட்டாணி விதையில் உருண்டையாக வழவழவென்று இருப்பது ஒரு வகை, சுருங்கி மடிப்பு விழுந்தது இன்னொரு வகை. மரபியலின் தந்தை எனப்படும் கிரெகர் மெண்டல் 1866-ல் வெளியிட்ட மரபியல் ஆய்வில் எடுத்துக்கொண்ட பண்புகளில் இதுவும் ஒன்று. ஏன் சுருங்குகிறது என்பது 1990-ல்தான் தெளிவானது: மாவுச்சத்தை உருவாக்கும் ஒரு நொதியின் மரபணு அந்த விதையில் பழுதாகியிருக்கிறது. அதனால் சர்க்கரை மாவாக மாறாமல் நிறையத் தங்கிவிடுகிறது, தண்ணீரும் கூடுதலாகச் சேர்கிறது, காயும்போது தோல் சுருங்குகிறது. தோட்டக்காரருக்கு இதில் நேரடிப் பயன் உண்டு. சுருங்கிய விதை தரும் காய் இனிப்பு அதிகம், ஆனால் குளிர்ந்த ஈர மண்ணில் அந்த விதை சீக்கிரம் அழுகிவிடும். உருண்டை விதை இனிப்பில் ஒரு படி குறைவு, குளிரைத் தாங்குவதில் கெட்டி. மண் இன்னும் சில்லென்று இருக்கும்போது விதைப்பதானால் உருண்டை வகையையே தேர்ந்தெடுங்கள்.

மண் 5 டிகிரியில் இருந்தால் முளைக்க ஒரு மாதத்துக்கு மேல் ஆகும். 10 டிகிரியில் சுமார் இரண்டு வாரம், 20 டிகிரியில் ஒரு வாரம் போதும். குளிர்மண்ணில் காத்துக் கிடக்கும் அந்த நாட்களில் தினமும் தண்ணீர் ஊற்றினால் விதைக்குக் காற்று கிடைக்காது. விதைத்தவுடன் ஒரு முறை நன்றாக நனையுங்கள், பிறகு மேல் மண் காய்ந்தால் மட்டும் ஊற்றுங்கள். ஊறவைத்து விதைக்கலாமா என்று பலரும் கேட்பார்கள். வறண்ட மண்ணில் ஆறேழு மணி நேரம் ஊறவைத்தால் முளைப்பு வேகமாகும். மண் ஏற்கெனவே ஈரமாக இருந்தால் ஊறவைக்கவே வேண்டாம். விதை பழையதோ என்று சந்தேகம் இருந்தால், பத்து விதையை ஈரத்துணியில் சுற்றி வைத்துப் பாருங்கள். ஏழுக்குக் குறைவாக முளைத்தால் புது விதை வாங்குவதே நல்லது. இன்னொன்றும் பாருங்கள்: விதைத்த இடத்தில் குழி பறித்த தடம் இருந்தால் அது எலி அல்லது பறவையின் வேலை. முளை ஒரு விரல் நீளம் வரும்வரை வலை போட்டு மூடுங்கள்.

மூன்று முதல் ஐந்து சென்டிமீட்டர் ஆழம், விதைக்கு விதை ஐந்து சென்டிமீட்டர் இடைவெளி. பட்டாணிக்கு நெருக்கம் பிடிக்கும், ஒன்றையொன்று பற்றிக்கொண்டு நிற்கும். வரிசைகளுக்கு நடுவே மட்டும் காற்றோட்டத்துக்காக அரை மீட்டராவது விடுங்கள்.

உரத்துக்கு வருவோம். பட்டாணியின் வேரில் ரைசோபியம் என்ற பாக்டீரியா குடியேறி முடிச்சுகளை உண்டாக்கி, காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்துச் செடிக்குக் கொடுக்கும். மண்ணில் தழைச்சத்து, அதாவது நைட்ரஜன், ஏற்கெனவே கொட்டிக் கிடந்தால் செடி இந்தக் கூட்டாளியைச் சேர்த்துக்கொள்ளாது, முடிச்சும் சரியாக உருவாகாது. கிடைத்த சத்தை இலையாக்கித் தள்ளும். நீங்கள் பார்த்த தழைதழைப்பு அதுதான். போன பயிருக்கு மக்கிய உரம் போட்ட பாத்தியே பட்டாணிக்குப் போதும். கூடுதலாகக் கொடுப்பதானால் கொஞ்சம் சாம்பல்சத்தும் (பொட்டாசியம்) மணிச்சத்தும் (பாஸ்பரஸ்) கொடுக்கலாம், யூரியா கூடாது. பட்டாணியே போட்டிராத புது மண் என்றால், பட்டாணிக்கு உரிய ரைசோபியம் கலவையை விதையில் புரட்டி விதையுங்கள். மற்ற பயறுகள் பலவற்றுக்கான கலவை இதற்குப் பொருந்தாது.

முடிச்சு வேலை செய்கிறதா என்று நீங்களே பார்க்கலாம். பூ வரும் நேரத்தில் ஒரு செடியை மண்ணோடு மெதுவாகத் தோண்டி, முடிச்சை நகத்தால் கிள்ளிப் பாருங்கள். உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் வேலை நடக்கிறது. வெள்ளையாக இருந்தால் இன்னும் தொடங்கவில்லை, பச்சையாகவோ சாம்பல் நிறமாகவோ இருந்தால் முடிந்துவிட்டது.

தண்ணீர் கூடுதலாகத் தேவைப்படுவது பூக்கும்போதும் காய் நிரம்பும்போதும்தான். அப்போது மண் காய்ந்தால் பூ உதிர்வது இன்னும் மோசமாகும். வாரத்துக்கு இரண்டு முறை வேர் வரை இறங்கும்படி ஊற்றுங்கள், மண் மேல் காய்ந்த இலையைப் பரப்பி மூடாக்கு போடுங்கள். தேனீ இல்லையே என்று கவலைப்பட வேண்டாம். பட்டாணிப் பூ மலர்வதற்கு முன்பே தன் மகரந்தத்தால் தானே கருவுற்றுவிடும்.

கொடிக்கான குச்சியை விதைக்கும் அன்றே நட்டுவிடுங்கள். இலை நுனியில் வரும் பற்றுக்கம்பி பென்சில் பருமனுக்கும் மெல்லியதைத்தான் சுற்றிப் பிடிக்கும், தடித்த கம்பு அதற்கு ஆகாது. கிளை கிளையாகப் பிரிந்த காய்ந்த சுள்ளிகளோ, கயிற்று வலையோ நல்லது. குட்டை ரகத்துக்கும் முழங்கால் உயரத்துக்கு ஏதாவது வேண்டும். தரையில் சாய்ந்த கொடியை நத்தை தேடி வரும், காயும் அழுகும்.

அந்த வெள்ளைப் பூச்சு சாம்பல் நோய். பகல் வறண்டு சூடாகவும் இரவு குளிர்ந்தும் இருக்கும் பருவக் கடைசியில்தான் பெரும்பாலும் வரும். இது பரவ இலை நனைந்திருக்க வேண்டும் என்பதில்லை. முன்கூட்டி விதைப்பதும், எதிர்ப்புத்திறன் உள்ள ரகமும்தான் சரியான தடுப்பு. முதல் புள்ளி தெரிந்தவுடனே நனையும் கந்தகம் (தண்ணீரில் கலந்து தெளிக்கும் கந்தகத் தூள்) தெளித்தால் பரவுவது குறையும், ஆனால் சுட்டெரிக்கும் வெயிலில் அதைத் தெளித்தால் இலை கருகிவிடும். கீழ் இலையிலிருந்து மஞ்சளாகிக்கொண்டே மேலே போய், பிடுங்கிப் பார்த்தால் வேர் பழுப்பாக இருக்கிறதென்றால் அது வேறு, வேர் அழுகல். அந்த இடத்தில் பல ஆண்டுகளுக்குப் பட்டாணி வேண்டாம். நோய் இல்லாத பாத்தியிலும் மூன்று நான்கு ஆண்டுக்கு ஒரு முறைதான் பட்டாணி போட வேண்டும்.

பூ விரிந்து ஏறக்குறைய மூன்று வாரத்தில் காய் தயாராகும். கீழேயிருந்து தொடங்கி, ஒரு கையால் கொடியைப் பிடித்துக்கொண்டு இரண்டு நாளுக்கு ஒரு முறை பறியுங்கள். முற்றிய காயைக் கொடியில் விட்டால் செடி மேற்கொண்டு பூக்காது. பறித்ததும் சர்க்கரை மாவாக மாறத் தொடங்கிவிடும், அதனால் சமைக்கும் நேரத்துக்கு நெருக்கத்தில் பறிப்பதும், மிஞ்சியதை உடனே குளிரூட்டியில் வைப்பதும் முக்கியம். வீட்டில் விளைந்த பட்டாணியின் ருசியே இந்தச் சில மணி நேரத்தில்தான் இருக்கிறது.

விதை எடுக்க நினைத்தால், நன்றாகக் காய்த்த இரண்டு மூன்று செடிகளைப் பறிக்காமல் ஒதுக்கிவிடுங்கள். நெற்று பழுப்பாகி, ஆட்டினால் கலகலக்கும்போது எடுக்கலாம். தன் மகரந்தத்தால் காய்ப்பதால் ரகம் பெரும்பாலும் மாறாது. ஈரமில்லாத குளிர்ந்த இடத்தில் வைத்தால் மூன்று ஆண்டு வரை முளைக்கும்.

பயிர் முடிந்ததும் செடியைத் தரையோடு அறுத்து, வேரை மண்ணிலேயே விடுங்கள். ஆனால் வேரை விட்டால் மட்டும் மண்ணுக்குத் தழைச்சத்து நிறையச் சேர்ந்துவிடும் என்று எண்ண வேண்டாம், பெரும்பகுதி இலையிலும் மணியிலும் போய்விடுகிறது. நோயில்லாத கொடியை நறுக்கி அதே பாத்தியில் பரப்பிவிட்டு, அடுத்ததாகக் கீரை போடுங்கள்.