நினைவோடு இருக்கப் பழகுதல்: கேள்வி பதில்

கேள்வி: வீட்டைப் பூட்டிவிட்டுத் தெருமுனை வரை போன பிறகு, பூட்டினேனா என்ற சந்தேகம் வந்து திரும்பிப் போய்ப் பார்க்கிறேன். என் மனத்தில் ஏதேனும் கோளாறா, ஐயா?

பதில்: கோளாறு என்று நான் சொல்ல மாட்டேன். மேத்யூ கில்லிங்ஸ்வொர்த், டேனியல் கில்பர்ட் என்ற ஹார்வர்ட் ஆய்வாளர்கள், நாளின் பல வேளைகளில் கைப்பேசி வழியாக 2,250 பேரிடம் 'இப்போது என்ன செய்கிறீர்கள், எதை நினைக்கிறீர்கள்' என்று கேட்டு 2010இல் வெளியிட்ட ஆய்வில், ஏறக்குறைய 47 விழுக்காடு வேளைகளில் செய்யும் வேலையில் மனம் இல்லை என்று தெரியவந்தது. பழகிப்போன வேலையைக் கை தானாகவே முடித்துவிடுகிறது. மனம் உடன் இல்லாததால் அது பதிவதில்லை. நாளை பூட்டும்போது சாவியின் குளிர்ச்சியையும், அது திரும்பும்போது விரலுக்குத் தெரியும் இறுக்கத்தையும், பூட்டு விழும் ஓசையையும் கவனியுங்கள். பலமுறை பார்த்தும் சந்தேகம் தீராமல் நாளெல்லாம் அதிலேயே கழிகிறது என்றால் மட்டும், தயங்காமல் மனநல மருத்துவரிடம் செல்லுங்கள்.

கேள்வி: மூச்சைக் கவனிக்க உட்கார்ந்தால் பத்து மூச்சைக்கூட எண்ண முடியவில்லை. எனக்கு இது வராது என்று விட்டுவிடலாமா?

பதில்: தயவுசெய்து விட்டுவிடாதீர்கள். எண்ணமே எழாமல் இருப்பதுதான் பயிற்சி என்று நினைத்துக்கொண்டு பலர் முதல் வாரத்திலேயே எழுந்து போய்விடுகிறார்கள் என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருவது. மூன்றாவது மூச்சில், நேற்று யாரோ சொன்ன ஒரு சொல் நினைவுக்கு வருகிறது. அதற்கு நாம் சொல்லியிருக்க வேண்டிய பதில் வருகிறது. அந்தச் சண்டை முழுவதும் மனத்துக்குள்ளேயே நடந்து முடிகிற நேரத்தில், 'மூச்சை அல்லவா எண்ணிக்கொண்டிருந்தோம்' என்று சட்டென உறைக்கிறது. அப்படி உறைப்பதுதான் பயிற்சி. இருபது முறை மனம் போய் இருபது முறை திரும்பினால், நீங்கள் இருபது முறை பயின்றிருக்கிறீர்கள். பௌத்த நூல்களில் இதற்கு வழங்கும் 'ஸதி' என்ற பாலிச் சொல்லுக்கு அடிப்படைப் பொருள் நினைவு. மறதிக்கு எதிரான நினைவையும், மயங்கியவருக்குத் திரும்பும் நினைவையும் தமிழ் ஒரே சொல்லால் குறிப்பதால், இந்தப் பொருள் நமக்கு எளிதில் பிடிபடும் என்று நினைக்கிறேன்.

கேள்வி: தினமும் தனியாக உட்கார எனக்கு நேரமே இல்லை.

பதில்: 1979இல் ஜான் கபட்-ஜின் என்ற அமெரிக்கர் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவப் பள்ளியில் தொடங்கிய, நினைவோடு இருக்கப் பழக்கும் பயிற்சி எட்டு வாரம் நடப்பது, வீட்டில் நாள்தோறும் முக்கால் மணி நேரம் கேட்பது. அது எல்லோருக்கும் இயலாது. எப்படியும் செய்தாக வேண்டிய ஒரே ஒரு வேலையை, ஒன்றை மட்டும், தேர்ந்துகொள்ளுங்கள். நான் டம்ளர் கழுவுவதில் தொடங்கினேன்: நுரை வழிந்து போனதும் விரலுக்கும் கண்ணாடிக்கும் இடையே வழுக்கல் மாறி ஒரு கிறீச்சொலி எழும், அதைக் கேட்கும் வரை மனத்தை அங்கேயே வைத்திருப்பேன்.

கேள்வி: பிள்ளையிடம் கத்திவிட்டுப் பிறகு வருந்துகிறேன். கத்துவதற்கு முன்பே எப்படி உணர்வது?

பதில்: கோபத்தைத் தேடாமல் உடம்பைக் கவனியுங்கள். தாடை இறுகும், தோள் மேலேறும், மூச்சு மார்போடு நின்றுவிடும்; சொல் வாயைத் தாண்டுவதற்குச் சற்று முன்னரே இவை வந்துவிடுகின்றன. முதலில் கத்தி முடித்த பிறகுதான் தெரியும், பின்னர் பாதியில் தெரியும். பாதியில் தெரிந்தால் பாதியிலேயே நிறுத்துங்கள். பிள்ளைக்கு அதுவே பெரிய ஆறுதல்.

கேள்வி: கண்ணை மூடினால் பழைய துயரங்கள் பொங்கி வருகின்றன. தாங்கிக்கொண்டு தொடர வேண்டுமா?

பதில்: வேண்டாம், அம்மா. கண்ணைத் திறந்து, பாதம் தரையில் பதிந்திருப்பதை உணர்ந்து, அறையில் உள்ள பொருள்களை ஒவ்வொன்றாகப் பாருங்கள். சிலருக்கு இந்தப் பயிற்சியே கலக்கத்தை மிகுதியாக்குவதுண்டு; அது உங்கள் பலவீனம் அன்று. மீண்டும் மீண்டும் அப்படி நேர்ந்தால் பயிற்சியை நிறுத்திவிட்டு மனநல ஆலோசகர் ஒருவரிடம் பேசுங்கள். பிறகு அவர் துணையோடு, கண் திறந்த நிலையிலேயே, ஓரிரு நிமிடங்களிலிருந்து தொடங்கலாம்.