ஜொய்ஸ்டிக் கேள்விகள்: முதலில் சுவிட்சை அணையுங்கள்

பள்ளி விடுமுறை தொடங்கினால் மூலையில் கிடந்த பழைய கணினிகளுக்கு உயிர் வந்துவிடுகிறது. இம்முறை வந்த கடிதங்கள் எல்லாம் கேம் போர்ட்டைப் பற்றியவை. பழைய கணினியின் பின்னால், பெரும்பாலும் சவுண்ட் கார்ட்டில், ஜொய்ஸ்டிக்குக்கென்று இருக்கும் 15 துளைச் சொக்கட்தான் அது. பதில்களுக்கு முன் என் வழக்கமான பல்லவி: கணினி ஓடிக்கொண்டிருக்கும்போது ஜொய்ஸ்டிக்கைச் செருகவும் வேண்டாம், பிடுங்கவும் வேண்டாம். இது யூஎஸ்பி அல்ல.

விண்டோஸ் 98இல் ஜொய்ஸ்டிக்கைச் செருகினேன். திரையில் ஓர் அறிவிப்பும் வரவில்லை. பழுதா? (கல்லடி)

வராது. தன்னில் என்ன செருகியிருக்கிறது என்று சொல்லும் அறிவு கேம் போர்ட்டுக்குக் கிடையாது. 1981இல் ஐபிஎம் தன் முதல் பீசீயோடு விற்ற அட்டையின் வேலைமுறைதான் ஏறத்தாழ அப்படியே வந்திருக்கிறது. கொன்ட்ரோல் பெனலில் ‘கேம் கொன்ட்ரோலர்ஸ்’ பகுதியைத் திறந்து, இரண்டு அச்சு (இடவலம் ஒன்று, முன்பின் ஒன்று), இரண்டு பொத்தான் கொண்ட வகையை நீங்களே சேருங்கள். பிறகு அளவு பிடியுங்கள், அதாவது கோலை எல்லாப் பக்கமும் கடைசிவரை தள்ளி அதன் எல்லைகளைக் கணினிக்குக் காட்டுங்கள். விண்டோஸ் ‘கலிபிரேட்’ என்று கேட்பது அதைத்தான்.

பிளக்கில் 15 ஊசி, கணினியில் 15 துளை. ஆனாலும் உள்ளே போக மறுக்கிறது. மெல்லத் தட்டிப் பார்க்கலாமா? (கல்முனை)

தட்ட வேண்டாம் ஐயா, வரிசையை எண்ணுங்கள். மூன்று வரிசை என்றால் அது மொனிட்டருக்கு உரியது. கேம் போர்ட்டுக்கு இரண்டே வரிசை, எட்டும் ஏழும். அவசரத்தில் இன்னொரு இடத்தில் மாட்டிக்கொள்ளவும் வேண்டாம். பழைய நெட்வேர்க் கார்ட்கள் சிலவற்றிலும் இரண்டு வரிசை, 15 துளைச் சொக்கட் உண்டு. நழுவும் தகட்டுப் பூட்டு இருந்தால் அதுதான். ஜொய்ஸ்டிக் பிளக் அதற்குள் அழகாகப் போய் உட்காரும், ஆனால் அங்கே வருவது 12 வோல்ட். நமக்கு வேண்டியது 5.

கையை எடுத்தாலும் விமானம் இடப்பக்கமே சாய்கிறது. (காத்தான்குடி)

தம்பி, ஜொய்ஸ்டிக்குக்குள் அச்சுக்கு ஒன்றாக மாறுந்தடை இருக்கிறது. கோலை அசைத்தால் அதன் மின்தடை கூடிக் குறையும். பூச்சியத்திலிருந்து 100 கிலோ ஓம் வரை. அந்தத் தடையின் வழியாக அட்டையிலுள்ள ஒரு சிறு கொள்ளளவி (மின்னைச் சேர்த்துவைக்கும் கப்பாசிட்டர்) நிரம்ப எவ்வளவு நேரம் எடுக்கிறது என்று கணினி எண்ணிப் பார்க்கிறது. கூடிப்போனால் ஒரு மில்லி விநாடி. தடைக்குள் தூசி புகுந்தால் நேரம் மாறும், நேரம் மாறினால் விமானம் சாயும். கச்சான் காற்று வீசும் மாதங்களில் நம் வீடுகளுக்குள் எவ்வளவு புழுதி வருகிறது என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

முதலில் அடிப்பகுதியில் உள்ள சிறு சக்கரங்களைத் திருப்பி நடுவுக்குக் கொண்டுவந்து மறுபடி அளவு பிடியுங்கள். சரிவராவிட்டால் கழற்றி, மின்தொடர்புகளைச் சுத்தம் செய்யும் ஸ்பிரேயைக் கொஞ்சம் அடித்து, முப்பது தடவையாவது அங்குமிங்கும் அசையுங்கள். தேங்காய் எண்ணெய் வேண்டாம். தையல் இயந்திர எண்ணெயும் வேண்டாம். இரண்டையும் விட்டவர்களின் ஜொய்ஸ்டிக்குகளைக் கழுவிய கை இது.

ஜொய்ஸ்டிக் வேலை செய்யவில்லை. என்ன செய்யலாம்? (செங்கலடி)

எந்தக் கணினி, எந்த சவுண்ட் கார்ட், எந்த விண்டோஸ்? மூன்றையும் எழுதுங்கள். எனக்குச் சோதிடம் தெரியாது.

பென்டியம் 3 கணினிக்குப் புதிதாக சவுண்ட் கார்ட் வாங்கிப் போட்டேன். அதற்குப் பிறகு ஜொய்ஸ்டிக் பைத்தியம் பிடித்ததுபோல் துள்ளுகிறது. கடைக்காரர் ஜொய்ஸ்டிக்கை மாற்றச் சொல்கிறார். (சம்மாந்துறை)

மாற்றாதீர்கள்! இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன்.

உங்கள் மதர்போர்ட்டில் ஏற்கனவே ஒரு கேம் போர்ட் இருந்திருக்கும். புதிய அட்டை இன்னொன்றைக் கொண்டுவந்துவிட்டது. இரண்டுக்கும் 201 என்ற ஒரே முகவரி. கணினி அந்தக் கதவைத் தட்டினால் இரண்டு பேர் ஒன்றாகக் குரல் கொடுக்கிறார்கள், கிடைக்கும் விடை இருவருடைய சத்தமும் கலந்த குழப்பம். ஜொய்ஸ்டிக் என்ன பாவம் செய்தது?

இருபது வருடங்களுக்கு முன் எனக்கும் இதே கதைதான். அப்போது என்னிடம் இருந்தது பென்டியத்துக்கு முந்திய 486 கணினி. வன்தட்டு, நெகிழ்தட்டு, பிரின்டர், கேம் போர்ட் எல்லாம் சேர்ந்த ஓர் அட்டை அதில் இருந்தது. அதன் பக்கத்தில் சவுண்ட் கார்ட்டைப் பூட்டினேன். அன்றிலிருந்து துள்ளல். நகரில் ஒரு திருத்தும் கடைக்குக் கொண்டுபோனேன். ஒரு ஜொய்ஸ்டிக் வாங்க வைத்தார்கள். அதுவும் துள்ளியது. இரண்டாவதையும் வாங்க வைத்தார்கள். கடைசியில் மதர்போர்ட் போய்விட்டது என்றார்கள். வீட்டுக்குத் தூக்கிவந்து பழைய அட்டையில் ‘கேம்’ என்று எழுதியிருந்த ஒரு ஜம்பரை, அதாவது இரண்டு ஊசிகளை இணைக்கும் குட்டி மூடியை, கழற்றினேன். பத்துச் சதம் செலவில்லை. அந்த இரண்டு ஜொய்ஸ்டிக்குகளும் இன்னும் என் அலுமாரியில் கிடக்கின்றன. பார்க்கும்போதெல்லாம் வயிறு எரிகிறது.

உங்கள் கணினியில் ஜம்பர் தேட வேண்டியிருக்காது. தொடங்கும்போது பயோஸுக்குள், அதாவது விண்டோஸ் வருமுன் திறக்கும் அமைப்புத் திரைக்குள், போங்கள். கேம் போர்ட் முகவரி என்று ஒரு வரி இருக்கும், 201 என்றிருப்பதை நிறுத்தி வையுங்கள். பிறகு விண்டோஸில் டிவைஸ் மனேஜரைத் திறந்து, ஒலிக்குரிய பகுதியில் கேம் போர்ட் ஒன்றுதான் நிற்கிறதா, மஞ்சள் ஆச்சரியக்குறி போய்விட்டதா என்று பாருங்கள். அட்டையைத் தொடுவதென்றால் பிளக்கைச் சுவரிலிருந்து கழற்றிவிட்டு. ஒரு கணினிக்கு ஒரு கேம் போர்ட். இதை ஒரு தாளில் எழுதி அந்தக் கடைக்காரரிடமும் கொடுங்கள்.

டிவி கேமின் 9 துளை கைப்பிடி கணினியின் பின்னால் உள்ள 9 ஊசியில் கச்சிதமாகப் பொருந்துகிறது. ஏன் ஆடவில்லை? (வாழைச்சேனை)

பொருந்துவதெல்லாம் சொந்தமாகிவிடாது. அது சீரியல் போர்ட். 12 வோல்ட் வரைக்கும் ஏறியும் இறங்கியும் ஓடும் இடம். கைப்பிடி இன்னும் உயிரோடு இருந்தால் உடனே கழற்றுங்கள், கணினியை அணைத்துவிட்டு.

அண்ணனும் தம்பியும் ஒன்றாக ஆட, இரட்டைக் கேபிள் வாங்கினோம். இரண்டாவது ஜொய்ஸ்டிக் மட்டும் செத்துக் கிடக்கிறது. (அக்கரைப்பற்று)

போர்ட்டில் நான்கு அச்சுக்கும் நான்கு பொத்தானுக்கும் இடமிருக்கிறது, ஆகவே இருவர் ஆடலாம். ஆனால் ஐபிஎம் அட்டையில் 15ஆம் ஊசி 5 வோல்ட், 12ஆம் ஊசி நிலம் (கிரவுண்ட்). சவுண்ட் கார்ட் செய்தவர்கள் அந்த இரண்டையும் எடுத்து மிடி இசைக்கருவிகளுக்கு, அதாவது கணினியோடு இணைக்கும் கீபோர்ட் போன்றவற்றுக்கு, கொடுத்துவிட்டார்கள். உங்கள் கேபிள் இரண்டாம் ஆளுக்கு 15ஆம் ஊசியிலிருந்து மின்சாரம் எடுக்கிறதென்றால் அவருக்குப் பட்டினிதான். 9ஆம் ஊசியிலிருந்து எடுக்கும்படி ஒரு வயரை மாற்றிப் பற்றவைத்தால் சரி. நிலத்தையும் 12இலிருந்து 4க்கோ 5க்கோ மாற்றிவிடுங்கள். பற்றவைக்கத் தெரிந்தவரிடம் கொடுங்கள், தம்பியிடம் அல்ல.

விண்டோஸுக்கு முந்திய பழைய டொஸ் விளையாட்டு 486இல் ஒழுங்காக ஆடியது. பென்டியத்தில் ஜொய்ஸ்டிக் மூலையிலேயே ஒட்டிக்கொள்கிறது. (திருக்கோவில்)

மேலே சொன்ன எண்ணும் வேலைதான் காரணம். வேகமான கணினி அதே நேரத்துக்குள் பல மடங்கு எண்ணிவிடுகிறது, அந்த விளையாட்டுக்கு அவ்வளவு பெரிய எண் பழக்கமில்லை. விளையாட்டுக்குள்ளேயே அளவு பிடிக்க வழி இருந்தால் முதலில் அதைச் செய்யுங்கள். இல்லாவிட்டால் கணினியின் வேகத்தைக் குறைக்க வேண்டும். வேகத்துக்கு ஏற்றபடி திருப்பும் திருகு கொண்ட தனிக் கேம் அட்டைகளும் அந்தக் காலத்தில் வந்தன. பழைய சாமான் கடையில் கண்டால் விடாதீர்கள்.

மடிக்கணினியில் யூஎஸ்பி மாற்றி வழியாகப் பழைய ஜொய்ஸ்டிக் வேலை செய்யுமா? (ஒலுவில்)

மாற்றிக்குள் சிப் இருந்தால் செய்யும். வெறும் வயரை மட்டும் இழுத்துக் கொடுக்கும் மலிவு மாற்றி செய்யாது. மைக்ரோசொஃப்ட் சைட்வைன்டர் போன்ற டிஜிட்டல் வகை என்றால் சாதாரண மாற்றி அதைப் புரிந்துகொள்ளாது. மேசைக் கணினியில் நேராகவே செருக நினைப்பவர்களுக்கும் ஒரு சொல்: விண்டோஸ் எக்ஸ்பியோடு கேம் போர்ட்டின் கதை முடிந்தது. விஸ்டாவில் அதைக் கைவிட்டுவிட்டார்கள்.

பழைய ஜொய்ஸ்டிக் ஒன்று விலைக்கு வருகிறது. எதைப் பார்த்து வாங்குவது? (ஏறாவூர்)

பிளக்கின் ஊசிகளைப் பாருங்கள். கடற்கரை வீட்டில் கிடந்ததென்றால் பச்சை பிடித்திருக்கும். கொஞ்சமென்றால் ஐசோபுரொப்பைல் அல்கஹோல் போதும், ஊசி தேய்ந்திருந்தால் விட்டுவிடுங்கள். பிறகு மல்டிமீட்டரை 1ஆம் ஊசிக்கும் 3ஆம் ஊசிக்கும் இடையில் வைத்து, கோலை இடமிருந்து வலமாக மெதுவாக நகர்த்துங்கள். 1க்கும் 6க்கும் இடையில் வைத்து முன்பின்னாகவும் நகர்த்திப் பாருங்கள். எண் பூச்சியத்துக்குப் பக்கத்திலிருந்து 100 கிலோ ஓம் பக்கம் வரை தடங்கலின்றி ஏற வேண்டும். நடுவில் குதித்தால் விலையைப் பாதியாகக் குறைத்துக் கேளுங்கள். சுத்தம் செய்யும் ஸ்பிரேயின் செலவும் உங்களுடையதுதானே.