அல்லித் தொட்டியில் மஞ்சள் ஊசி

கேள்வி: மாடியில் சிமெண்ட் தொட்டியில் அல்லி வளர்க்கிறேன். வெயில் ஏறியதும் ஒல்லியான பூச்சி ஒன்று இலையில் வந்து உட்காருகிறது. அதன் கழுத்தில் மஞ்சள் வால் உள்ள இன்னொன்று குச்சி நட்டது மாதிரி நெட்டுக்குத்தாக நிற்கிறது. காம்பைத் துளைக்கிறதோ என்று பயமாக இருக்கிறது. மருந்து அடிக்கலாமா?
– வாசகி, வில்லியனூர்

பதில்: அடித்துவிடாதீர்கள் அம்மா! அது ஊசித்தட்டான். உட்கார்ந்தால் இறக்கையை முதுகோடு மடக்கிக்கொள்ளும். பெரிய தட்டான் விரித்தபடியே இருக்கும்.

நெட்டுக்குத்தாக நிற்பது ஆண். வால் நுனியால் பெண்ணின் கழுத்தைக் கவ்விக்கொண்டு, காலை மடக்கி அந்தரத்தில் நிற்கிறது. வேறு ஆண் வந்து கொத்திக்கொண்டு போகாமல் காவல். கீழே இருப்பவள் இலையிலும் காம்பிலும் முட்டையைச் செருகுகிறாள். ஆக, துளைப்பது உண்மைதான். ஊசி குத்திய அளவு காயம், அல்லி தாங்கும்.

முட்டையிலிருந்து வரும் குஞ்சு தண்ணீரிலேயே வளரும். வால் முனையில் இலை போல மூன்று செவுள். மடித்து வைத்த கீழுதட்டைச் சட்டென்று நீட்டிக் கொசுப் புழுவைப் பிடித்துத் தின்னும். அதற்காக இதை மட்டும் நம்பி இருக்காதீர்கள். டெங்கு கொசு முட்டையிடுவது நீர்மட்டத்துக்கு மேலே, ஈரச் சுவரில். வாரம் ஒருமுறை தொட்டியின் உள்பக்கத்தைத் தேய்த்து விடுங்கள்.

மஞ்சக்குப்பத்தில் எங்கள் கொல்லைத் தொட்டியில் ஒருமுறை கப்பி மீன் விட்டேன். கொசுப் புழு ஒழிந்தது, தட்டான் குஞ்சும் ஒழிந்தது. மீனுக்கு என்ன பேதம் தெரியும்? முப்பது வருஷம் விலங்கியல் பாடம் நடத்தியவளுக்கு அது தோன்றாமல் போனதுதான் வெட்கம்.

இன்னொன்று. 1798இல் டென்மார்க்கைச் சேர்ந்த பூச்சியியலாளர் ஃபப்ரீசியஸ் இந்த மஞ்சள் வால் இனத்துக்கு வைத்த அறிவியல் பெயரில் கோரமண்டல் இருக்கிறது. நம் சோழமண்டலக் கரைதான்! இலங்கையில் பிடித்தாலும் இதற்கு நம்மூர்ப் பெயர்தான்.

சரி, தொட்டியில் ஒரு காய்ந்த குச்சியைத் தண்ணீருக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கும்படி நட்டு வையுங்கள். வளர்ந்த குஞ்சு அதில் ஏறித்தான் தோல் உரிக்கும். காலி சட்டை மாதிரி அந்தத் தோல் ஒட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்தால் எனக்கு ஒரு வரி எழுதுங்கள்.