யார் வீட்டில் தங்கி ஸ்பானிஷ் படிப்பது?

வெளிநாடு போய் ஸ்பானிஷ் படிப்பதைப் பற்றி ஒரு வாசகருக்குப் பதில் எழுதியதிலிருந்து அதே விஷயமாகக் கடிதங்கள் வந்தபடி இருக்கின்றன. பலருக்கும் பயன்படக்கூடியவற்றை இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: அக்கா, ஸ்பெயினில் சலமான்கா என்ற ஊரில் மூன்று மாத ஸ்பானிஷ் கோர்ஸுக்கு இடம் கிடைத்திருக்கிறது. மாணவர் விடுதி, ஒரு ஸ்பானியக் குடும்பத்தின் வீடு, இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்கிறார்கள். செலவில் பெரிய வித்தியாசம் இல்லை. கூட வரும் இரண்டு தோழிகளும் விடுதிக்குப் போகிறார்கள். எனக்கோ முன்பின் தெரியாதவர்களிடம் பேசவே கூச்சம். எது நல்லது?
- கல்லூரி மாணவி

பதில்: குடும்பத்தின் வீடுதான், யோசிக்கவே வேண்டாம். கூச்சம் இருப்பதுதான் அதற்கு முதல் காரணம். விடுதியில் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு தப்பித்துவிடலாம், தோழிகளும் கூட இருந்தால் வகுப்பு முடிந்த கையோடு தமிழுக்குத் திரும்பிவிடுவீர்கள். வீட்டில் அது நடக்காது. துண்டு எங்கே இருக்கிறது, வெந்நீர் வரவில்லை, இன்று வர நேரமாகும், சாப்பாட்டுக்குக் காத்திருக்க வேண்டாம் என்று எதையாவது சொல்லித்தான் ஆக வேண்டும். தப்புத் தப்பாகச் சொன்னாலும் எதிரில் இருப்பவர் புரிந்துகொண்டு துண்டை எடுத்துக் கொடுப்பார். கூச்சம் போவது இப்படித்தான்.

சலமான்கா பல்கலைக்கழகம் 1218-ல் தொடங்கியது. ஸ்பானிஷ் படிக்க வெளிநாட்டிலிருந்து வருகிறவர்களை வீட்டில் வைத்துச் சாப்பாடு போடுவது அந்த ஊருக்குப் பழகிப்போன வேலை. உங்கள் பேச்சு தடுமாறினால் யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள்.

ஒன்றை மட்டும் கவனியுங்கள். படிவத்தில் காலை உணவும் இரவு உணவும் மட்டும், அல்லது மூன்று வேளையும் என்று இரண்டு வகை இருக்கும். கொஞ்சம் கூடக் கொடுத்தாலும் மதியச் சாப்பாடு சேர்ந்ததையே எடுங்கள். இரண்டு வேளைதான் கட்டுப்படியாகும் என்றால், இரவுக்குப் பதில் மதியம் தருவார்களா என்று கேட்டுப் பாருங்கள். அங்கே நாளின் பெரிய சாப்பாடு மதியம்தான், அதுவும் இரண்டு மணிக்கு மேல். ரொட்டித் துண்டைத் தட்டில் வைக்காமல் பக்கத்தில் மேஜை விரிப்பின் மேலேயே வைத்துக்கொண்டு, மூன்று மணிக்கு டிவி செய்தி ஓட ஓட, மெதுவாகச் சாப்பிடுவார்கள். சாப்பிட்டு முடித்ததும் எழுந்து போகிற வழக்கம் கிடையாது. கத்தியால் ஆரஞ்சைத் தோல் சீவிக்கொண்டே செய்தியில் வந்த அமைச்சரைத் திட்டுவார்கள், மழையைப் பற்றிப் பேசுவார்கள், பேச்சு பக்கத்து வீட்டுக் கல்யாணத்துக்குப் போகும், அங்கிருந்து கால்பந்துக்கு வரும். நீங்களும் எழுந்திருக்காதீர்கள். முதல் வாரங்களில் ஒன்றும் புரியாது, தலை வலிக்கும், தூக்கம் வரும். பரவாயில்லை, உட்கார்ந்திருங்கள். பேசுகிற விஷயங்கள் திரும்பத் திரும்ப வருவதால் ஒருநாள் வானிலை புரியும், அப்புறம் விலைவாசி புரியும், ஒருநாள் அவர்கள் சிரிக்கும்போது நீங்களும் சிரிப்பீர்கள். வகுப்பில் படித்த இலக்கணம் உயிர் பெறுகிற இடம் அந்த மேஜை. அதை விட்டுவிட்டு அறைக்குப் போய்ப் பயிற்சிப் புத்தகத்தைத் திறப்பது எனக்குப் பெரிய நஷ்டமாகத் தெரிகிறது.

கேள்வி: என் மகள் சைவம், முட்டை கூடச் சாப்பிடமாட்டாள். ஸ்பெயினில் ஒரு வீட்டில் தங்கினால் பட்டினிதானா?
- ஒரு அம்மா

பதில்: பட்டினி இல்லை அம்மா, ஆனால் போவதற்கு முன்பே எழுத்தில் தெளிவாகச் சொல்ல வேண்டும். ‘சைவம்’ என்று ஒரே வார்த்தையில் சொன்னால் போதாது. ‘இறைச்சி சாப்பிடமாட்டேன்’ என்றால் பன்றித் தொடையை உப்பிட்டு உலர்த்தும் ஹாமோனை அதில் சேர்க்காதவர்கள் அங்கே நிறையப் பேர். பருப்பு வேகும்போது சொரீசோ என்கிற தொத்திறைச்சி விழும், சாலட்டில் சூரை மீன் இருக்கும், சூப்பின் அடியில் கோழி வேகவைத்த தண்ணீர் இருக்கும். அதனால் ஹாமோன், சொரீசோ, கோழி, மீன், எலும்பு வேகவைத்த தண்ணீர், முட்டை என்று ஒவ்வொன்றாகப் பட்டியல் போட்டு, ஸ்பானிஷிலேயே எழுதி, பள்ளி மூலமாக வீட்டுக்கு அனுப்பச் சொல்லுங்கள்.

முட்டையைத் தனியாகக் குறிப்பிடுவது ரொம்ப முக்கியம். சைவம் என்று கேள்விப்பட்டதும் அந்த வீட்டம்மாவுக்கு முதலில் தோன்றுவது உருளைக்கிழங்கு போட்ட முட்டை அடைதான், தோர்த்தீயா என்பார்கள், ஆசையாகச் செய்து வைத்துவிடுவார்கள். கீரை போட்ட கொண்டைக்கடலை, சொரீசோ இல்லாத பருப்பு, கத்திரிக்காயும் குடமிளகாயும் தக்காளியும் வதக்கிய பிஸ்தோ, கோடையில் குளிர்ந்த தக்காளிச் சாறாக வரும் காஸ்பாச்சோ, இவையெல்லாம் அவர்களுடைய சொந்தச் சமையலிலேயே இருக்கின்றன. இன்னொன்று, இரவுச் சாப்பாடு ஒன்பது, பத்து மணிக்குத்தான் வரும். சாயங்காலப் பசிக்கு மகள் கையில் பழமோ பாதாமோ இருக்கட்டும். சமையலறையைப் பயன்படுத்தலாமா என்பதை முதலிலேயே கேட்டுக்கொள்ளச் சொல்லுங்கள், பல வீடுகளில் அனுமதி கிடையாது.

கேள்வி: பெண்ணைத் தெரியாதவர் வீட்டில் எந்த நம்பிக்கையில் விடுவது?
- ஒரு தந்தை

பதில்: நியாயமான கவலை, ஐயா. பள்ளியிடம் நேராகக் கேளுங்கள்: வீட்டில் யார் யார் இருக்கிறார்கள், ஆண்கள் உண்டா, அறைக்குப் பூட்டு உண்டா, வேறு மாணவர்கள் தங்குகிறார்களா, பள்ளியிலிருந்து எவ்வளவு தூரம், பிடிக்காவிட்டால் எத்தனை நாளில் வேறு வீடு தருவார்கள், பள்ளியிலிருந்து யாராவது அந்த வீட்டை நேரில் போய்ப் பார்த்திருக்கிறார்களா. இதற்கெல்லாம் மழுப்பாமல் பதில் வந்தால் நல்ல பள்ளி. பதில் சுற்றி வளைத்து வந்தால் வேறு பள்ளி பாருங்கள். செர்வாந்தெஸ் நிறுவனம் என்று 1991-ல் ஸ்பெயின் அரசு தொடங்கிய அமைப்பு ஒன்று இருக்கிறது, ஸ்பானிஷ் கற்றுத்தரும் பள்ளிகளுக்கு அது அங்கீகாரம் தருகிறது. அந்தப் பட்டியலில் இருக்கும் பள்ளியாகத் தேர்ந்தெடுங்கள். இளம் பெண்கள் முதல் முறை போகும்போது, தனியாக இருக்கும் வயதான அம்மாக்களின் வீட்டைக் கேட்டு வாங்குவது நல்லது என்பது என் அபிப்பிராயம். பாதுகாப்பு ஒரு பக்கம், அவர்களுக்குப் பேச நேரமும் ஆசையும் இருக்கும் என்பது இன்னொரு பக்கம். கணவனும் மனைவியும் காலையில் வேலைக்குப் போய்விட்டு இரவு களைத்து வருகிற வீட்டில் அந்த அளவுக்குப் பேச்சு இருக்காது. அவசரத்துக்கு ஸ்பெயின் முழுவதும் 112 என்ற ஒரே எண்தான், மகளின் போனில் ஏறியிருக்கட்டும்.

கேள்வி: பார்சிலோனாவில் ஒரு கோர்ஸ் பார்த்தேன், ஆசையாக இருக்கிறது. நண்பன் குவாத்தமாலா போ, பாதிச் செலவில் முடியும் என்கிறான். நான் இன்னும் அரிச்சுவடியிலேயே இருக்கிறேன்.
- ஐடி ஊழியர்

பதில்: பார்சிலோனா அருமையான ஊர்தான் தம்பி, ஆனால் அங்கே ஸ்பானிஷுக்குச் சமமாகக் கத்தலானும் ஆட்சிமொழி. நீங்கள் தங்கும் வீட்டில் சாப்பாட்டு மேஜைப் பேச்சு கத்தலானில் நடந்தால் உங்களைப் பார்க்கும்போது மட்டும் ஸ்பானிஷுக்கு மாறுவார்கள், அது போதாது. போவதென்றால் வீட்டுக்குள் எந்த மொழி பேசுகிறார்கள் என்று கேட்டுவிட்டுப் பணம் கட்டுங்கள். வலென்சியா, கலீசியா, பாஸ்க் பகுதிகளுக்கும் இதே கேள்வி பொருந்தும். சலமான்கா, வய்யதோலித், கிரனாடா போன்ற ஊர்களில் இந்தச் சிக்கல் இல்லை.

அரிச்சுவடியில் இருக்கிறவருக்கு உங்கள் நண்பர் சொல்வது நல்ல யோசனை. குவாத்தமாலாவில் ஆன்டிகுவா என்ற பழைய ஊர், எரிமலைகளுக்கு நடுவில் இருக்கிறது. அங்குள்ள ஸ்பானிஷ் பள்ளிகளில் ஓர் ஆசிரியருக்கு ஒரு மாணவர், தினமும் நான்கு ஐந்து மணி நேரம் எதிரெதிரே உட்கார்ந்து பேச வேண்டும். பத்துப் பேர் வகுப்பில் கடைசி பெஞ்சில் ஒளிந்துகொள்வது போல இங்கே முடியாது. பக்கத்திலேயே ஒரு குடும்பத்தில் தங்கல், மூன்று வேளைச் சாப்பாடு, பெரும்பாலும் ஞாயிற்றுக்கிழமை மட்டும் நீங்களே பார்த்துக்கொள்ள வேண்டும். குறை என்னவென்றால் ஊர் முழுக்க வெளிநாட்டுக்காரர்கள், சில வீடுகளில் நான்கைந்து மாணவர்களை ஒன்றாகத் தங்கவைக்கிறார்கள், மேஜையில் ஆங்கிலம்தான் ஓடும். நான் ஒருவன்தான் மாணவனா என்று கேளுங்கள். கூட்டம் வேண்டாமென்றால் கெட்ஸால்தெனாங்கோ போகலாம், உள்ளூரில் ஷேலா என்பார்கள், அங்கும் இதே முறைப் பள்ளிகள் உண்டு. கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,300 மீட்டர் உயரம் என்பதால் இரவுக் குளிருக்கு ஸ்வெட்டர் தேவை.

கேள்வி: கிரனாடாவில் ஒரு குடும்பத்துடன் இருக்கிறேன். நல்லவர்கள், ஆனால் என்னிடம் ஆங்கிலத்திலேயே பேசுகிறார்கள், பையனுக்கு ஆங்கிலம் வரட்டும் என்று அவன் அப்பா வேறு உற்சாகப்படுத்துகிறார். வாய்விட்டுச் சொல்லவும் சங்கடமாக இருக்கிறது.
- மாணவர்

பதில்: சங்கடப்பட்டுக்கொண்டே இருந்தால் கோர்ஸ் முடிந்துவிடும். இன்றைக்கு இரவுச் சாப்பாட்டில் சொல்லுங்கள், ஸ்பானிஷிலேயே சொல்லுங்கள்: நான் வந்ததே உங்கள் மொழி படிக்கத்தான், எனக்கு உதவி செய்யுங்கள் என்று. பையனுக்கு ஆங்கிலம் வேண்டும் என்பதும் நியாயமான ஆசைதான், அதற்குச் சாயங்காலம் அரை மணி நேரம் ஒதுக்குங்கள், மற்ற நேரமெல்லாம் ஸ்பானிஷ் என்று பேசி வைத்துக்கொள்ளுங்கள். அவர்கள் ஆங்கிலத்தில் கேட்டாலும் நீங்கள் ஸ்பானிஷில் பதில் சொல்லிக்கொண்டே இருந்தால் கொஞ்ச நாளில் அவர்களும் மாறிவிடுவார்கள். சந்தைக்குப் போகும்போது கூடப் போங்கள், வெங்காயம் நறுக்கிக் கொடுங்கள், பையனின் பாடப்புத்தகத்தை அவனுக்குச் சத்தமாக வாசித்துக் காட்டி உச்சரிப்பைத் திருத்தச் சொல்லுங்கள், குழந்தைகளைப் போலத் தயவு தாட்சண்யம் இல்லாமல் திருத்துகிறவர்கள் யாரும் இல்லை. இவ்வளவுக்குப் பிறகும் மாறவில்லை என்றால் பள்ளியில் வீடுகளைக் கவனிக்கும் பொறுப்பாளரிடம் சொல்லி வேறு வீடு கேளுங்கள். அது அந்தக் குடும்பத்தை அவமானப்படுத்துவது ஆகாது.

கேள்வி: இலக்கணம் மலைப்பாக இருக்கிறது. வினைச்சொல்லுக்கு இத்தனை விகுதிகளா?
- இல்லத்தரசி

பதில்: ஆங்கிலம் வழியாகப் படிப்பதால் வரும் மலைப்பு அது. தமிழில் ‘பேசுகிறேன்’ என்றாலே ‘நான்’ சொல்லாமல் புரிகிறது, ஸ்பானிஷிலும் ‘ஆப்லோ’ என்றால் போதும். ‘மே குஸ்தா’ என்பதை ஆங்கிலத்தில் தலைகீழாகப் புரட்டித்தான் விளக்குவார்கள், நமக்கு அது நேராக ‘எனக்குப் பிடிக்கும்’. வீட்டுப் பெரியவரிடம் ‘உஸ்தெத்’ (நீங்கள்), பையனிடம் ‘தூ’ (நீ) என்று மாறுவதும் நமக்குப் பழக்கமானதே, சில நாளில் அந்த அம்மாவே ‘தூ’ போதும் என்பார், அப்போது மாறிக்கொள்ளுங்கள். ஆங்கிலத்தில் ‘ட’ ஆகும் எழுத்து அங்கே நம்முடைய ‘த’ தான். கஷ்டப்பட வேண்டியது வேறு இடத்தில்: மேஜை பெண்பால், புத்தகம் ஆண்பால் என்று ஒவ்வொரு சொல்லுக்கும் பால் உண்டு, ‘இரு’ என்பதற்கு இரண்டு வினைகள் உண்டு. அவற்றுக்கு மனப்பாடமும் காதுப் பழக்கமும் தவிர வேறு வழி கிடையாது. அமெரிக்க வெளியுறவுத் துறை தன் அதிகாரிகளுக்கு ஸ்பானிஷ் கற்பிக்க 600 முதல் 750 வகுப்பு மணி நேரம் வைத்திருந்தது. ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்களுக்கான கணக்கு அது. மூன்று மாதத்தில் சரளம் வரவில்லை என்று மனம் விட்டுவிடாதீர்கள்.

கேள்வி: ஸ்பெயின் விசாவும் கடைசியில் எழுதும் தேர்வும் பற்றிச் சுருக்கமாகச் சொல்லுங்கள்.
- பலர்

பதில்: 90 நாள் வரை என்றால் குறுகிய கால ஷெங்கன் விசா, அதற்கு மேல் மாணவர் விசா. மாணவர் விசாவுக்கு முழுநேரக் கோர்ஸ் வேண்டும். கையிருப்பாக மாதத்துக்கு 600 யூரோ காட்ட வேண்டும், தங்கும் செலவை முன்கூட்டியே கட்டிவிட்டால் அந்த ரசீதையும் சேர்த்துக் கொடுங்கள். ஆறு மாதத்துக்கு மேல் தங்குகிறவர்கள் போய்ச் சேர்ந்த ஒரு மாதத்துக்குள் வெளிநாட்டவர் அடையாள அட்டைக்கு விண்ணப்பிக்க வேண்டும். விதிகளும் தொகையும் மாறக்கூடியவை, விண்ணப்பிக்கும் வாரத்தில் தூதரகத்தின் பக்கத்தைப் பார்த்துவிடுங்கள்.

தேர்வு என்றால் டெலே, சியெலே என்ற ஸ்பானிஷ் மொழித் தேர்வுகளைச் சொல்கிறேன். டெலே சான்றிதழுக்குக் காலாவதி இல்லை, நீங்கள் ஒரு நிலையைத் தேர்ந்தெடுத்து எழுத வேண்டும், தேறலாம் அல்லது தவறலாம். சியெலே கணினியில் எழுதுவது, எடுத்த மதிப்பெண்ணுக்கு ஏற்ற நிலையைத் தருவார்கள், ஐந்து ஆண்டு செல்லும். உடனே ஒரு விண்ணப்பத்துக்குக் காட்ட வேண்டும் என்றால் சியெலே, இல்லையென்றால் டெலே. கோர்ஸ் முடிந்து ஊருக்குப் போய் எழுதலாம் என்று தள்ளிப்போடாமல், அந்த வீட்டில் இருக்கும்போதே தேதி வாங்கிவிடுங்கள். பேச்சுத் தேர்வுக்கு முதல் நாள் இரவு அந்த வீட்டம்மாவுடன் சாப்பிட்டுக்கொண்டே பேசிப் பார்க்கலாம்.