கடைசி வளைவில் தீர்ந்த பெட்ரோல் – கடிதம்

அன்புள்ள ஐயா,

கொரோனா வருடத்துப் பந்தயங்களைத் தேடிப் பார்த்துக்கொண்டிருந்தபோது ஜப்பானின் சூப்பர் ஜிடி கார் பந்தயத் தொடரின் 2020 கடைசிப் போட்டி கண்ணில் பட்டது. நவம்பர் 29, ஃபுஜி மைதானம். 37ஆம் எண் டொயோட்டா சுப்ரா முன்னால் போகிறது. கடைசி வளைவைத் தாண்டினால் பட்டம். அங்கே பெட்ரோல் தீர்ந்துவிட்டது. பின்னால் வந்த நீல நிற ஹோண்டா தாண்டிப்போய் பந்தயத்தையும் பட்டத்தையும் எடுத்துக்கொண்டது. எனக்கு மனசே ஆறவில்லை. ஒரு வருட உழைப்புக்கு இப்படியா தீர்ப்பு? போதாக்குறைக்கு, ஜெயிக்கிற காரில் எடை வேறு ஏற்றுகிறார்களாம். நன்றாக ஓட்டியதற்குத் தண்டனையா? இதை எப்படி நேர்மையான பந்தயம் என்று ரசிக்கிறீர்கள்?

ர., கோவை

அன்புள்ள ர.,

அந்த முடிவைப் பார்த்துவிட்டு, சுப்ராவை ஓட்டிய ரியோ ஹிரகவாவுக்காக வருத்தப்படாமல் இருக்க முடியாது. நானும் வருத்தப்பட்டேன். ஆனால் பட்டம் அவரிடமிருந்து அநியாயமாகப் பறிபோனது என்பதை என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை.

முதலில் பெட்ரோல் விஷயம். 300 கிலோமீட்டர் பந்தயம், ஃபுஜியில் 66 சுற்று. ஒரு காருக்கு இரண்டு ஓட்டுநர்கள். நடுவில் பிட்டுக்கு, அதாவது பாதையோரம் அணியினர் காத்திருக்கும் இடத்துக்கு, வந்து ஆள் மாற வேண்டும், பெட்ரோல் நிரப்ப வேண்டும், டயர் மாற்ற வேண்டும். பெட்ரோல் ஏறிக்கொண்டிருக்கும்போது டயரைத் தொடக்கூடாது என்பது இந்தப் பந்தயத்தின் விதி. ஆக, குழாய் செருகியிருக்கும் ஒவ்வொரு விநாடியும் நேரடி நஷ்டம். கொஞ்சம் குறைவாக நிரப்பினால் சீக்கிரம் வெளியே வரலாம், கார் எடையும் குறையும். அப்புறம் அந்த அளவை வைத்துக்கொண்டு கடைசிவரை ஓட்டியாக வேண்டும். முன்னால் போகிறவருக்கு நிம்மதி இருந்தால், நேர்ப்பாதையின் முடிவில் ஆக்ஸிலரேட்டரைச் சற்று முன்னதாகவே விட்டு மிச்சம் பிடிக்கலாம். பின்னால் அந்த நீல நிற 100ஆம் எண் ஹோண்டாவில் விரட்டிக்கொண்டே வந்த நவோகி யமமோட்டோ அந்த நிம்மதியைக் கொடுக்கவில்லை. பெட்ரோல் தீர்ந்ததில் அந்த விரட்டலுக்குப் பங்கு இல்லை என்று என்னால் நினைக்க முடியவில்லை.

ஃபுஜியின் கடைசிப் பகுதி மேடு. வளைந்து வளைந்து மெதுவாக ஏறி, கடைசித் திருப்பத்தில் வண்டியைத் திருப்பி, முழு வேகம் கொடுத்து சுமார் ஒன்றரை கிலோமீட்டர் நேர்ப்பாதையில் பாய வேண்டும். அந்த இடத்தில்தான் சுப்ராவின் இன்ஜினுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. இருந்த வேகத்தில் உருண்டு இரண்டாவதாகக் கோட்டைக் கடந்தது.

கவனியுங்கள், இரண்டாவதாகக் கடந்தது. முதலிடத்துக்கு 20 புள்ளி, இரண்டாமிடத்துக்கு 15. அந்த வருடத்தின் மொத்தப் புள்ளியில் யமமோட்டோவும் அவரோடு காரைப் பகிர்ந்துகொண்ட தடாசுகே மகினோவும் 69, ஹிரகவா 67. அதற்கு முந்தைய ஏழு போட்டிகளில் எங்காவது மூன்று புள்ளி கூடுதலாக எடுத்திருந்தால், பெட்ரோல் தீர்ந்தும் பட்டம் ஹிரகவாவுக்குத்தான் போயிருக்கும்.

இங்கேதான் எடை வருகிறது. அந்த வருடம் முதல் ஆறு போட்டிகளுக்கு, சேர்த்த ஒவ்வொரு புள்ளிக்கும் 2 கிலோ. ஏழாவதில் அது பாதி. கடைசிப் போட்டியில் யாருக்கும் எடை கிடையாது. ஹிரகவாவும் அவருடைய துணை ஓட்டுநர் நிக் காசிடியும் ஜூலையில் முதல் போட்டியை ஜெயித்தார்கள். அடுத்த போட்டிக்கே குறைந்தது 40 கிலோ கணக்கு. 50 கிலோவைத் தாண்டினால் எடையோடு நிற்காது, இன்ஜினுக்குப் போகும் பெட்ரோலின் ஓட்டத்தையும் சுருக்குவார்கள். பட்டத்துக்குப் போட்டி போடுகிற கார் ஒன்பதாவது, பத்தாவது இடத்துக்கு முட்டி மோதுவதைப் பார்க்கச் சங்கடமாகத்தான் இருக்கும். ஆனால் எனக்கு மிகவும் பிடித்ததும் அந்த நாட்கள்தான். பாரத்தோடு ஓடும் நாளில் ஒரு புள்ளியாவது கொண்டுவரத் தெரிந்தவர்களே நவம்பரில் மிஞ்சுகிறார்கள். 2020இல் 17ஆம் எண் ஹோண்டாவும் 23ஆம் எண் நிஸ்ஸானும் ஆளுக்கு இரண்டு போட்டி ஜெயித்தன. அதில் ஒன்று, சுசுகாவில் 23 கடைசி இடத்திலிருந்து கிளம்பி வாங்கிய வெற்றி. இரண்டுக்கும் பட்டம் இல்லை. 100ஆம் எண் ஹோண்டா ஜெயித்தது கடைசிப் போட்டி ஒன்றை மட்டும். இதை நேர்மையில்லை என்று சொல்வீர்களா, சொல்லுங்கள். எனக்கு இது வருடம் முழுக்க நடந்த தேர்வாகவே தெரிகிறது.

அந்த வருடமே விசித்திரமானது. மலேசியாவின் செபாங், தாய்லாந்தின் புரிராம் எல்லாம் ரத்து. ஃபுஜியில் நான்கு, சுசுகாவில் இரண்டு, மொடேகியில் இரண்டு என்று மூன்றே மைதானங்களில் எட்டுப் போட்டியையும் முடித்தார்கள். ஆரம்பப் போட்டிகளில் பார்வையாளர்களே இல்லை. காசிடி ஃபார்முலா ஈ என்ற மின்சாரக் கார் பந்தயத்தின் பக்கம் போய்விட்டதால் கடைசிப் போட்டியில் ஹிரகவாவுக்குத் துணை கென்டா யமஷிடா.

நீங்கள் கோவைக்காரர் என்பதால் இதையும் சொல்லவேண்டும். மகினோ அதற்கு முந்தைய வருடம் நகஜிமா அணியில் காரைப் பகிர்ந்துகொண்டது உங்கள் ஊர் நரேன் கார்த்திகேயனோடு. நரேன் 2019 நவம்பரில் இதே ஃபுஜியில், சூப்பர் ஜிடி கார்களும் ஜெர்மனியின் டிடிஎம் பந்தயத் தொடரின் கார்களும் சேர்ந்து ஓடிய போட்டியில் ஒரு பந்தயத்தை ஜெயித்தார். அதைத் தமிழில் யாரும் போதுமான அளவு எழுதவில்லை என்ற ஆதங்கம் எனக்கு உண்டு.

அந்த நீலக் காரின் சொந்தக்காரர் யார் தெரியுமா? குனிமிட்சு தகஹாஷி. 1961இல் ஹாக்கன்ஹைமில் ஹோண்டா 250 ஓட்டி, உலக மோட்டார் சைக்கிள் பந்தயம் ஒன்றை ஜெயித்த முதல் ஜப்பானியர். 2020இல் அந்த ஃபுஜி பந்தயத்தன்று அவருக்கு வயது 80. ரேப்ரிக் என்ற விளம்பரதாரர் பெயரை அந்தக் கார் சுமந்த கடைசிப் பந்தயமும் அதுதான்; அடுத்த வருடம் ஸ்டான்லி ஆனது. தகஹாஷி 2022 மார்ச்சில் காலமானார்.

ஹிரகவாவுக்கு அந்த டிசம்பரும் கைகொடுக்கவில்லை. மூன்று வாரத்தில் அதே ஃபுஜியில், ஜப்பானின் இன்னொரு கார் பந்தயத் தொடரான சூப்பர் ஃபார்முலாவின் பட்டமும் யமமோட்டோவுக்கே போனது. ஆனால் 2022இல் அவர் டொயோட்டாவுக்காக பிரான்சின் லே மான் 24 மணி நேரப் பந்தயத்தை ஜெயித்தார். நேரம் கிடைத்தால் அதைப் பாருங்கள். ஃபுஜி பந்தயத்தை மறுபடி பார்ப்பதானால், கடைசிச் சுற்றிலிருந்து வேண்டாம். இரண்டு கார்களும் பிட்டுக்கு வரும் இடத்திலிருந்து தொடங்குங்கள்.