குளத்தோரக் கன்றுகள்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

மாரி தொடங்க முன்னமே கடிதங்கள் சேர்ந்துவிட்டன. வளவுக்குள் தொட்டியோ சின்னக் குளமோ கட்டியவர்கள் கூடிவிட்டார்கள் போல. சந்தோஷம். ஆனால் பாதிக் கடிதங்களில் ஆழம் எழுதப்படவில்லை. நான் கேட்கும் ஆழம் குளத்தின் ஆழமும் இல்லை, சாடியின் உயரமும் இல்லை. கன்றின் கழுத்துக்கு, அதாவது வேரும் தண்டும் சேரும் இடத்துக்கு, மேல் எத்தனை அங்குலம் தண்ணீர் நிற்கிறது என்பதுதான். அடிமட்டத்தால் அளந்து எழுதுங்கள்.

கல்வாழையைத் தண்ணீருக்குள் இறக்கலாமா? (கோப்பாய்)

இறக்கலாம். 3, 4 அங்குலம் வரை தாங்கும். ஆனால் முற்றத்தில் நின்றதைக் கிண்டி எடுத்து அப்படியே குளத்துக்குள் வைத்தால் பத்து நாளில் அழுகல் மணம் வரும். காய்ந்த மண்ணில் வளர்ந்த வேர் தண்ணீருக்குள் மூச்சுத் திணறிச் செத்துவிடும். தண்ணீருக்கு ஏற்ற புது வேரை அது விட வேண்டும். முதல் இரண்டு கிழமை சாடியைத் தண்ணீர்த் தட்டில் வையுங்கள். அப்புறம் குளத்து விளிம்பில், பிறகு கிழமைக்கு ஒரு அங்குலமாகக் கீழே. கீழே வரும் எல்லாக் கன்றுக்கும் இதே முறைதான், திரும்ப எழுத மாட்டேன். தட்டுத் தண்ணீரை நாலு நாளைக்கு ஒருமுறை ஊற்றிவிட்டு மாற்றுங்கள், இல்லாவிட்டால் வளர்வது நுளம்புதான்.

இன்னொன்று, பிளாஸ்டிக் சாடி வேண்டாம். என் முதல் கல்வாழை நாலடி வளர்ந்து, கார்த்திகைக் காற்றுக்குச் சாடியோடு குப்புற விழுந்தது. ஒரு சாடி செம்மண் முழுக்கக் குளத்தில் கரைந்து, தண்ணீர் தேத்தண்ணி நிறத்தில் ஒரு மாதம் கிடந்தது. அகலமான மண்சாடியில் நட்டு, மேலே இரண்டு விரல் கனத்துக்குச் சல்லி போடுங்கள்.

செவ்வரத்தை, மல்லிகை, குரோட்டன் மூன்றையும் குளத்தில் வைக்க ஆசை. (சங்கானை)

கரையில் வையுங்கள். தண்ணீரில் வைத்தால் மூன்றும் சாகும்.

ரம்பை? (சாவகச்சேரி)

அருமை. 2 அங்குலம் போதும், அரை நிழல் நல்லது. கறிக்கும் ஆச்சு.

குடைக்கோரையும் கல்வாழையும் மஞ்சளடிக்கின்றன. இலை நரம்பு மட்டும் பச்சை. இரும்புச் சத்துக் குறைவு என்று ஆணிகளைச் சாடிக்குள் புதைத்தேன், பலன் இல்லை. (சுன்னாகம்)

நோயைச் சரியாகப் பிடித்திருக்கிறீர்கள், மருந்துதான் பிழை. எங்கள் யாழ்ப்பாண நிலத்துக்கடியில் இருப்பது சுண்ணாம்புக்கல். அந்தக் கிணற்றுத் தண்ணீரில் இரும்பு இருந்தாலும் வேரால் எடுக்க முடியாது. ஆணியின் துருவும் கரையாமல் அப்படியே கிடக்கும். கூரைத் தண்ணீரை ஐப்பசி, கார்த்திகையில் பிடித்து வைத்துக் குளத்துக்கு விடுவதுதான் மலிவான வைத்தியம். பசளைக் கடையில் இரும்பு வாங்கினால் பைக்கற்றில் ஈடிடிஎச்ஏ (EDDHA, இரும்பை வேர் எடுக்கும்படி கரைந்த நிலையில் பிடித்து வைக்கும் பொருள்) என்று இருக்கிறதா என்று பாருங்கள். ஈடிடிஏ (EDTA) வகை எங்கள் தண்ணீரில் நின்று பிடிக்காது. குளத்தைச் சுற்றி முருகைக்கல் அடுக்கியிருந்தால் அதையும் எடுத்துவிடுங்கள், அதுவும் சுண்ணாம்புதான்.

குளத்தில் வைத்த கன்று வாடுகிறது. என்ன செய்யலாம்? (ஊர் எழுதவில்லை)

என்ன கன்று? எத்தனை அங்குலம்? வெயிலா நிழலா? வைத்தியரிடம் போய் "வருத்தம்" என்று மட்டும் சொல்லி மருந்து கேட்பீர்களா? யூரியா போட்டிருந்தால் நிறுத்துங்கள். மாட்டெரு போட்டிருந்தாலும் நிறுத்துங்கள். குளத்துக்குள் பசளை போட்டால் பாசிதான் கொழுக்கும். மிச்சத்தை ஆழம் அளந்து எழுதிய பிறகு பார்ப்போம்.

ஊதாப் பூவோடு மிதக்கும் ஆகாயத்தாமரையை நண்பர் ஒரு வாளி தந்தார். விளிம்பில் விட்டால் அழகாக இருக்குமா? (மானிப்பாய்)

அழகாகத்தான் இருக்கும். அந்த அழகுக்காகத்தான் 1900களின் தொடக்கத்தில் இதை இலங்கைக்குக் கொண்டு வந்தார்கள். 1909இலேயே இந்த ஒரு செடிக்கென்று தனிச் சட்டம் போட வேண்டி வந்தது. சட்டம் போட்டு நூறு வருடம் தாண்டிவிட்டது, செடி இன்னும் வாளியில் கைமாறுகிறது!

நல்ல வெயிலும் சத்தும் கிடைத்தால் இரண்டு கிழமையில் இரண்டு மடங்காகும். மேலே மூடிக்கொண்டால் கீழே வெளிச்சமும் இல்லை, காற்றும் இல்லை. மீன் மேலே வந்து வாயைத் திறக்கும். நீங்கள் அலுத்துப்போய் அள்ளி வேலிக்கு வெளியே வாய்க்காலில் எறிவீர்கள். எல்லோரும் அதைத்தான் செய்கிறார்கள். மானிப்பாயில் மாரி வெள்ளத்தோடு போனால் அது வழுக்கையாறு வரை போகும். கோடையில் குளம் வற்றினால் செத்துவிடும் என்று நினைக்க வேண்டாம். சேற்றில் கிடக்கும் விதை பதினைந்து, இருபது வருடம் கழித்தும் முளைக்கும்.

வாளியைத் திருப்பிக் கொடுக்கவும் வேண்டாம், நண்பர் இன்னொருவருக்குக் கொடுப்பார். சீமெந்துத் தரையில் பரப்பி, அப்பளம் போல நொறுங்கும் வரை காய விடுங்கள். பூ பூத்திருந்தால் எரித்துவிடுங்கள். விளிம்பில் பச்சை வேண்டும் என்றால் குடைக்கோரை வையுங்கள். தண்ணீரிலுள்ள சத்தை அதுவும் உறிஞ்சும், ஆனால் வைத்த சாடியில் நிற்கும்.

எங்கள் கிணறு கோடையில் உவர்க்கும். எது தப்பும்? (வேலணை)

நீர்ப்பிரமி தப்பும். ஒரு அங்குலத் தண்ணீரிலும் வெறும் சேற்றிலும் படரும், சின்ன வெள்ளைப் பூ வரும். கல்வாழையின் இலை நுனி கருகும், ஆசைப்பட வேண்டாம். தண்ணீர் ஆவியாகப் போகும்போது உப்புப் போவதில்லை. நீங்கள் கிணற்றிலிருந்து விட விடக் குளத்தில் உப்பு ஏறிக்கொண்டே இருக்கும். மாரி தொடங்கியதும் பாதியை இறைத்துவிட்டு, மிச்சத்தை மழை நிரப்ப விடுங்கள்.

சேம்பும் வல்லாரையும் ஒரே இடத்தில் வைக்கலாமா? (உரும்பிராய்)

ஒரே கரையில் வைக்கலாம், ஒரே ஆழத்தில் முடியாது. சேம்பு 4, 5 அங்குலத்தில் நிற்கும். வல்லாரைக்கு ஈரச் சேறு போதும், மிஞ்சினால் ஒரு அங்குலம். மாரியில் குளம் நிரம்பும்போது வல்லாரைச் சாடியின் கீழ் ஒரு கல் வைத்து உயர்த்துங்கள். சேம்பைப் பச்சையாகக் கடித்தால் வாய் எரியும், சின்னப் பிள்ளைகள் உள்ள வீட்டில் கவனம். சம்பலுக்கு வல்லாரை பிடுங்குவதென்றால் கோழிக்கூட்டுத் தண்ணீர் வந்து சேரும் குளமாக இருக்கக் கூடாது.

கரையில் கன்று வைத்தால் டெங்கு வரும் என்று பக்கத்து வீட்டார் சண்டைக்கு வருகிறார்கள். (நல்லூர்)

பத்துக் கப்பி மீன் விடுங்கள். சாடிகளுக்கிடையே ஒரு சாண் இடைவெளி இருக்கட்டும், மீன் உள்ளே போய்க் குடம்பியைத் தின்ன வேண்டுமே. அவர்கள் வீட்டு மாடியில் மூடாத தண்ணீர்த் தாங்கி இருக்கிறதா என்று மரியாதையாக விசாரியுங்கள்.

திலாப்பியா வளர்க்கிறேன். கரையில் எந்தக் கன்றை வைத்தாலும் குருத்தைக் கடித்துவிடுகிறது. எந்தக் கன்றைத் தின்னாது? (அச்சுவேலி)

மீனைப் பொரித்துவிட்டு எழுதுங்கள். ஆழத்தையும் சேர்த்து.